முக்கோண முனைகளில் மூன்று மின்துகள்கள்: எனக்கு 136 வருகிறது, விடையில் 68.4

பொருநை_27

வணக்கம். கூலும் விதிக் கணக்கு ஒன்றில் எங்கே தவறுகிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கணக்கு: காற்றில் மூன்று புள்ளி மின்துகள்கள். ஏ (0, 0) என்ற புள்ளியில் +5 மைக்ரோகூலும். பி (4 செ.மீ, 0) என்ற புள்ளியில் −2 மைக்ரோகூலும். சி (4 செ.மீ, 3 செ.மீ) என்ற புள்ளியில் +4 மைக்ரோகூலும். சி-யில் உள்ள மின்துகள் மீது செயல்படும் தொகுபயன் விசையின் எண்மதிப்பும் திசையும் என்ன?

நான் போட்டது: ஏ–சி தொலைவு பிதாகரஸ்படி 5 செ.மீ. ஏ-யால் வரும் விசை 9×10⁹ × 5×10⁻⁶ × 4×10⁻⁶ ÷ (0.05)² = 72 நியூட்டன். பி–சி தொலைவு 3 செ.மீ. அதனால் வரும் விசை 80 நியூட்டன். சி-யில் முக்கோணத்தின் கோணம் 53.13°, அதன் கோசைன் 0.6. இணைகர விதியில் 72² + 80² + 2×72×80×0.6 = 18496. வர்க்கமூலம் 136, மீதியே இல்லாமல். முழு எண்ணாக வந்ததால் சரி என்றே நினைத்தேன். விடைப் பக்கத்தில் 68.4 என்று இருக்கிறது.

என் தோழி இணைகர விதியே வேண்டாம் என்று எக்ஸ், ஒய் கூறுகளாகப் பிரித்துப் போட்டாள். அவளுக்கும் 136-தான். இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதால் புத்தகத்தில் அச்சுப்பிழையா என்று சந்தேகம்.

இன்னொன்று: −2 என்ற குறியைச் சூத்திரத்தில் போட வேண்டுமா, வேண்டாமா? ஒரு இடத்தில் போடு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் போடாதே என்கிறார்கள்.

---

கோசைன்_விதி

புத்தகம் சரி. 72-உம் 80-உம் கூட சரி. தவறு கோணத்தில் இருக்கிறது.

இணைகர விதியில் போட வேண்டியது இரண்டு விசைகளுக்கு இடைப்பட்ட கோணம், முக்கோணத்தின் உட்கோணம் அல்ல. சி-யிலிருந்து அம்புக்குறிகளை வரைந்து பாருங்கள். ஏ நேர்மின், சி நேர்மின், ஆகவே விலக்கம். அம்பு ஏ-யை விட்டு விலகி, வலப்பக்கம் மேல்நோக்கிப் போகும். பி எதிர்மின், ஆகவே கவர்ச்சி. அம்பு பி-யை நோக்கி நேராகக் கீழே இறங்கும். இந்த இரண்டு அம்புகளுக்கும் நடுவே இருப்பது 53.13° அல்ல, 180 − 53.13 = 126.87°. அதன் கோசைன் −0.6.

72² + 80² − 6912 = 5184 + 6400 − 6912 = 4672. வர்க்கமூலம் 68.35.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு படமே தேவைப்படாது. சி-யை இரண்டுமே விலக்கினாலும் சரி, இரண்டுமே கவர்ந்தாலும் சரி, உட்கோணத்தை அப்படியே போடலாம். கவர்ந்தால் இரண்டு அம்பும் முக்கோணத்தின் பக்கங்கள் மேலேயே கிடக்கும். விலக்கினால் இரண்டும் பக்கங்களின் நீட்சியில் கிடக்கும், அது குத்தெதிர்க் கோணம், அளவு மாறாது. ஒன்று கவர்ந்து மற்றது விலக்கினால் மட்டும் 180-லிருந்து கழிக்க வேண்டும். உங்கள் கணக்கு இந்த மூன்றாவது வகை.

சமபக்க முக்கோணக் கணக்குகளிலும் இதே பொறிதான். மூன்றும் ஒரே குறி என்றால் 60°. மூலையில் இருப்பதை ஒன்று இழுத்து ஒன்று தள்ளினால் 120°. அங்கே 120° போட்டால் தொகுபயன் தனி விசை அளவே வரும், 60° போட்டால் √3 மடங்கு.

தோழியின் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் 136 வருவதற்குக் கூறுகள் வழியில் ஒரே ஒரு பாதைதான் எனக்குத் தெரிகிறது: குறியை இரண்டு முறை போட்டிருக்கிறார்.

---

பொருநை_27

நன்றி சார். தோழியின் தாளில் இருப்பது இது: எக்ஸ் கூறு 72×0.8 = 57.6. ஒய் கூறு 72×0.6 = 43.2. பி-யின் விசை சூத்திரத்தில் −80 வந்தது. அது கீழ்நோக்கி இருப்பதால் இன்னொரு கழித்தல். 43.2 − (−80) = 123.2. பிறகு √(57.6² + 123.2²) = 136.

---

கோசைன்_விதி

அதேதான். கவர்ச்சி என்ற ஒரே செய்தியைச் சூத்திரமும் சொல்லிவிட்டது, படமும் சொல்லிவிட்டது. இரண்டையும் எழுதியதால் கவர்ச்சி மறுபடி விலக்கமாகிவிட்டது. உங்கள் கோணமும் அதே வேலையைத்தான் செய்தது: பி-யின் அம்பைத் தலைகீழாக்கியது. ஒரே பிழை இரண்டு உடையில் வந்ததால்தான் இரண்டு தாளிலும் 136. பி-யில் −2 இருந்த இடத்தில் +2 இருந்திருந்தால் 136-தான் சரியான விடை.

ஆகவே விதி: படம் வரைந்து திசை தீர்மானிப்பதானால், சூத்திரத்தில் எண்மதிப்பு மட்டும் போடுங்கள், குறியை விடுங்கள். குறியைப் போடுவதானால் வெக்டர் வடிவத்தை முழுதாக எழுதுங்கள், படத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள். பாதி இது பாதி அது என்று கலக்கக் கூடாது.

---

காவி_யாழ்

வெக்டர் வடிவத்தை நான் எழுதிக் காட்டுகிறேன். எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் மின்னூட்டத்தை ஏற்றம் என்றும் வெக்டரைக் காவி என்றும் சொல்வோம்; இங்கே நீங்கள் பழகிய சொற்களையே வைக்கிறேன்.

விசை வெக்டர் = கே × க்யூ1 × க்யூ2 × (ஆர் வெக்டர்) ÷ ஆர்³ (கே என்பது நீங்கள் போட்ட 9×10⁹, க்யூ மின்னூட்டம், ஆர் தொலைவு)

கீழே மூன்றாம் அடுக்கு வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓரலகு வெக்டர் என்பது ஆர் வெக்டரை அதன் நீளத்தால் வகுத்தது. அந்த ஒரு ஆர் கீழே சேர்ந்ததால் வர்க்கம் கனமானது. விசை இன்னும் தொலைவின் வர்க்கத்துக்குத்தான் எதிர்விகிதம்.

ஆர் வெக்டரை எப்போதும் விசையைத் தரும் துகளிலிருந்து விசையைப் பெறும் துகளுக்கு வரைய வேண்டும். அதாவது பெறுபவரின் ஆயத்தொலையிலிருந்து தருபவரின் ஆயத்தொலையைக் கழிக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் எல்லாக் கூறுகளும் குறி மாறும், எண்மதிப்பு மட்டும் சரியாக வரும். திசையைக் கேட்காத வினாவில் அந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது.

ஏ-யிலிருந்து சி: ஆர் வெக்டர் (0.04, 0.03), நீளம் 0.05, கனம் 1.25×10⁻⁴. கே×க்யூ1×க்யூ2 = +0.18. வகுத்தால் 1440. வெக்டரோடு பெருக்கினால் (57.6, 43.2).

பி-யிலிருந்து சி: ஆர் வெக்டர் (0, 0.03), கனம் 2.7×10⁻⁵. கே×க்யூ1×க்யூ2 = −0.072. வகுத்தால் −2666.67. பெருக்கினால் (0, −80). கழித்தல் தானாக வந்துவிட்டது. இதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

கூட்டினால் (57.6, −36.8). எண்மதிப்பு 68.35 நியூட்டன். திசைக்கு 36.8 ÷ 57.6 = 0.639, அதன் டேன் நேர்மாறு 32.6°. எக்ஸ் அச்சுக்குக் கீழே 32.6°.

டேன் நேர்மாறில் ஒரு எச்சரிக்கை. எக்ஸ் கூறு கழித்தலாக இருந்தால் கணிப்பான் தரும் கோணத்தோடு 180° கூட்ட வேண்டும். இங்கே எக்ஸ் கூறு நேர் என்பதால் தப்பித்தோம்.

ஆறு துகள் இருந்தாலும் இதே வரியை ஐந்து முறை எழுதிக் கூட்டினால் போதும். மேற்பொருந்துதல் தத்துவம் சொல்வது அதைத்தான்: பி அருகில் வந்ததால் ஏ-க்கும் சி-க்கும் இடையிலான 72 நியூட்டன் கூடுவதோ குறைவதோ இல்லை. கோசைன் வழி இரண்டு விசைக்கு மேல் போனால் சிக்கல். மூன்றாவதைச் சேர்க்க முதல் தொகுபயனின் திசை வேண்டும், அதற்கு இன்னொரு கோணம், இப்படியே நீளும்.

---

முறுக்குத்தராசு

மேலே இருவரும் சொன்னது சரி. எண்களில் நடக்கும் தவறுகளைப் பற்றிச் சொல்கிறேன். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

மைக்ரோகூலும், சென்டிமீட்டர் என்று கொடுத்திருந்தால் பத்தின் அடுக்குகளைச் சுமக்கவே தேவையில்லை. 10⁹ × 10⁻¹² ÷ 10⁻⁴ = 10. ஒன்பதோடு சேர்ந்து 90. ஆக,

விசை (நியூட்டன்) = 90 × க்யூ1 × க்யூ2 (மைக்ரோகூலும்) ÷ ஆர்² (செ.மீ)

90×5×4÷25 = 72. 90×2×4÷9 = 80. மனக்கணக்கில் முடிந்தது. நானோகூலும், செ.மீ என்றால் அதே 90, அலகு மட்டும் மைக்ரோநியூட்டன். எலக்ட்ரான் மின்னூட்டம், நானோமீட்டர் என்றால் 230.7 பிக்கோநியூட்டன். ஹைட்ரஜன் அணுவில் தொலைவு 0.0529 நானோமீட்டர், 230.7 ÷ 0.0529² ஏறத்தாழ 82,400 பிக்கோநியூட்டன், அதாவது 8.24×10⁻⁸ நியூட்டன்.

தவறான விடையை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். 72 வர வேண்டிய இடத்தில் 3.6 வந்தால் தொலைவை வர்க்கம் செய்யவில்லை. 0.0072 வந்தால் செ.மீ-யை மீட்டராக்காமல் 5² என்று வகுத்திருக்கிறீர்கள். 7.2×10⁷ வந்தால் இரண்டு மைக்ரோவில் ஒன்றைத்தான் 10⁻⁶ ஆக்கியிருக்கிறீர்கள். 10⁻²⁰ போல எதற்கும் ஒட்டாத எண் வந்தால், கே-க்குப் பதில் 1 ÷ (4 பை எப்சிலான்) என்று போடும்போது கணிப்பானில் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். அது 4-ஆல் மட்டும் வகுத்துவிட்டு மற்ற இரண்டையும் மேலே பெருக்கிவிடும்.

கே-க்கு 9×10⁹ போடலாமா, 8.99×10⁹ போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். துல்லிய மதிப்பு 8.98755×10⁹. 9 போட்டால் 0.14 விழுக்காடு கூடுதல், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் 68.35 என்பது 68.26 ஆகும். புத்தகத்தின் 68.4 ஒன்பதை வைத்துப் போட்டது. (2019-க்கு முன்பு கே ஒளியின் வேகத்திலிருந்து வரையறைப்படி துல்லியமாகவே கிடைத்தது. அலகுகளை மாற்றியமைத்தபோது எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634×10⁻¹⁹ கூலும் என நிலைத்தது, கே அளந்து அறிய வேண்டிய எண்ணாயிற்று. தேர்வுக்கு இது வேண்டாம்.)

சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. மூன்று துகள்கள் மீதும் தொகுபயனைக் கண்டு மூன்றையும் கூட்டுங்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுழி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ குறி புரண்டிருக்கிறது. ஏ–பி விசை 90×5×2÷16 = 56.25. மற்றதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

---

பொருநை_27

தெளிவாகப் புரிந்தது. இதே கணக்கில் ஆ பிரிவு: "மூன்றையும் ஒப்புமை விடுதிறன் 80 கொண்ட நீரில் அமிழ்த்தினால்?" 68.35 ÷ 80 = 0.854 நியூட்டன், திசை மாறாது. சரியா? இ பிரிவு: "ஏ-க்கும் சி-க்கும் நடுவே மட்டும் 2 செ.மீ தடிமனுள்ள, ஒப்புமை விடுதிறன் 4 கொண்ட பலகையை வைத்தால் அவற்றிடையே விசை?" இதற்கு என்ன செய்வது?

---

கோசைன்_விதி

ஆ சரி. ஒப்புமை விடுதிறன் என்பது அந்த ஊடகம் முழுதும் நிரம்பியிருந்தால் விசை எத்தனை மடங்கு குறையும் என்ற எண். எல்லா விசையும் ஒரே 80-ஆல் வகுபடுவதால் திசை அப்படியே நிற்கும்.

இ-க்குப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் குறுக்குவழி: தொலைவு ஆர் என்பதற்குப் பதில் ஆர் − தடிமன் + தடிமன் × √ஒப்புமை விடுதிறன் என்று போடுவது. 5 − 2 + 2×2 = 7. விசை 72×25÷49 = 36.7 நியூட்டன். எதிர்பார்க்கும் விடை இதுதான்.

---

காவி_யாழ்

எதிர்பார்க்கும் விடை அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தச் சூத்திரம் இயற்பியல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலகையை வைத்தாலும் ஏ நேரடியாக சி-க்குத் தரும் விசை 72-தான். பலகை முனைவுற்று அதன் பரப்புகளில் தூண்டப்பட்ட மின்னூட்டம் தோன்றுகிறது. அதுவும் சி மீது விசை தருகிறது. சி உணரும் மொத்தம் இந்த இரண்டின் கூடுதல். அந்த இரண்டாம் பகுதி பலகை எவ்வளவு அகலம், எந்த முகம் எதற்கு அருகில் என்பதைப் பொறுத்தது. குறுக்குவழியில் அகலத்துக்கு இடமே இல்லை. ஒரு நாணய அளவு பலகைக்கும் சுவர் அளவு பலகைக்கும் ஒரே விடை தருகிற சூத்திரம் எப்படிச் சரியாகும்?

முழு வெளியும் ஒரே ஊடகத்தால் நிரம்பியிருக்கும்போது மட்டும்தான் ஒப்புமை விடுதிறனால் வெறுமனே வகுப்பது சரி.

---

கோசைன்_விதி

ஏற்கிறேன். வினாத்தாளுக்கு அந்தச் சூத்திரம், விளக்கம் கேட்டால் நீங்கள் சொன்னது.

---

முறுக்குத்தராசு

அப்படிப் பார்த்தால் இந்த முழுக் கணக்குமே காகிதத்தில் மட்டும் நிற்பது. 68 நியூட்டன் என்றால் ஏழு கிலோ எடை. 3 செ.மீ இடைவெளியில் வைத்த சிறு குண்டுகளுக்கு இது நடக்குமா?

உலர்ந்த காற்று மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் புலம் வரை தாங்கும். அதற்கு மேல் பொறி பறக்கும். கோளத்தின் பரப்பில் புலம் கே×க்யூ÷ஆரம்². 5 மைக்ரோகூலும் நிற்க வேண்டுமானால் கோளத்தின் ஆரம் குறைந்தது 12 செ.மீ வேண்டும். முக்கோணத்தின் பக்கங்களோ 3, 4, 5 செ.மீ. கோளங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும்! 1 செ.மீ ஆரக் கோளம் தனித்து நிற்கும்போது தாங்குவது சுமார் 33 நானோகூலும், 5 மி.மீ ஆரம் என்றால் 8 நானோகூலும்.

அந்த 8 நானோகூலும் கோளங்கள் இரண்டை மையத்துக்கு மையம் 5 செ.மீ தள்ளி வைத்தால் 90×64÷25 = 230 மைக்ரோநியூட்டன். 23.5 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஆய்வகத்தில் நெட்டிப் பந்தைத் தொங்கவிடுவது இதனால்தான். கனமான பந்து என்றால் விலகல் மிகச் சிறியதாகிவிடும். ஈரப்பதம் இருந்தால் பருத்தி நூல் வழியே மின்னூட்டம் கசியும். பட்டு அல்லது நைலான் நூல் வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கடத்திக் கோளங்களை நெருக்கமாக வைத்தால் மின்னூட்டம் பரப்பில் சீராக இருக்காது. ஒரே குறி என்றால் எதிர்ப்பக்கங்களுக்கு ஒதுங்கும், உண்மை விசை சூத்திரம் சொல்வதைவிடக் குறையும். எதிரெதிர்க் குறி என்றால் அருகருகே திரளும், விசை கூடும். ஆரம் தொலைவைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் புள்ளி மின்துகள் என்ற பெயர் பொருந்தும்.

---

பொருநை_27

சரிபார்த்தேன். ஏ மீது (−1.35, −43.2), பி மீது (−56.25, 80), சி மீது (57.6, −36.8). கூட்டினால் இரண்டு கூறும் சுழி. ஆனால் தோழிக்கு ஏ-யின் எக்ஸ் கூறு −1.25 வருகிறது. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. குறிப்பிழையா?

---

முறுக்குத்தராசு

குறிப்பிழை இல்லை, வட்டமிட்டது. 36.87° என்ற கோணத்தை 37° என்று எடுத்து 72 × கோசைன் 37° = 57.50 என்று போட்டிருப்பார். சரியானது 57.60. வித்தியாசம் 0.10 மட்டுமே, ஆனால் அதிலிருந்து 56.25-ஐக் கழிக்கிறோம். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது மிஞ்சுவது சிறியது, பிழை முழுதாக அதன் மேல் விழும்: 57.6-இல் 0.2 விழுக்காடாக இருந்தது 1.35-இல் 7 விழுக்காடாகிவிட்டது.

கோணத்தையே தொடாதீர்கள். ஆயத்தொலைகள் கையில் இருக்கும்போது கோசைன் 4÷5, சைன் 3÷5. அப்படியே போட்டால் −1.35 வரும்.